காயமும் எதிர்ப்பாற்றலும்: கொத்மலைத் தேயிலையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டியே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் ஆள்கட்டி அழைத்துவரப்பட்டனர் என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டுவரும் செய்தியாகும். நாட்டார் வழக்காற்றை ஆராய்வோரும் இலக்கிய விமர்சகரும் இதனை ஒரு பெரும் ஏமாற்றின் குறியீடாக எடுத்தாள்வர். அது பொருத்தமானதே. எனினும், தூரின் அடியில் உண்மையிலேயே இருப்பது யாது என்னும் வினாவை இலக்கியத் துறை சார்ந்த நாம் எழுப்புவது அரிது. செடியைக் குறியீடாகக் கண்டு பழகிய கண்களுக்குச் செடி செடியாகத் தெரிவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை, தாவரங்களின் காயத்துக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள தொடர்பு என்ற ஒரு கோணத்திலிருந்து நோக்க முனைகின்றது.

காயம் பட்ட உயிர் நலிவடையும், நலிவடைந்த உயிரை நோய் எளிதிற் பற்றும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். தேயிலையை அருகிருந்து நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் முழுமையானதன்று என்பது விரைவிற் புலப்படும். கொத்மலை ஓயாவின் இருமருங்கும் ஏறிச்செல்லும் மலைச்சரிவுகளில் நிற்கும் ஒவ்வொரு தேயிலைச் செடியும் ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை கொழுந்து கிள்ளப்படுகின்றது. உயரத்துக்கேற்ப 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியால் அதன் கிளைகள் யாவும் தறிக்கப்படுகின்றன. இயற்கையில் விட்டால் மரமாக வளரக்கூடிய ஒரு தாவரம் இடுப்பளவு உயரத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருப்பது இடையறாத காயப்படுத்தலின் விளைவேயாகும். இவ்வாறு வெட்டுண்டும் நூறாண்டு கடந்து நிற்கும் வித்துத் தேயிலைத் தூர்களை நமது மலைகளில் இன்றும் காணலாம். அதே வேளை, ஒரே கவ்வாத்தின் பின் வரிசையாகப் பட்டுப்போன தூர்களையும் காணலாம்.

ஒரே வகைக் காயம் ஓரிடத்தில் தளிர்ப்பையும் பிறிதோரிடத்தில் அழிவையும் தருவது ஏன்? காயத்தின் விளைவைத் தீர்மானிப்பது காயம் மட்டுமன்று. காயம் படும் வேளையில் செடியிடம் உள்ள சேமிப்பும், அதற்கு அளிக்கப்படும் கால அவகாசமுமே பெருமளவு தீர்மானிக்கின்றன என்பதே நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்து. சேமிப்பும் அவகாசமும் தோட்டத்தின் உற்பத்தி முறையோடு பிணைந்தவை. எனவே, தாவரவியல் வினாவாகத் தொடங்குவது பொருளாதார வினாவாக முடிவதைத் தவிர்க்க இயலாது.

2

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். எல்லா நோய்களுக்கும் காயம் வாசலாவதில்லை. நோயாக்கும் பங்கசுக்களுள் சில, ஊறுபடாத செடிக்குள்ளும் தாமே புகும் வல்லமையுடையன. வேறு சிலவற்றுக்குப் புண்ணே வழி.

முதல் வகைக்கு இலங்கையிலேயே உலகறிந்த உதாரணம் உண்டு. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் காணப்பட்ட கோப்பித் துரு நோய், அடுத்த 20 ஆண்டுகளுக்குள் இந்நாட்டின் கோப்பிப் பெருந்தோட்டத் தொழிலையே அழித்தது. இதனை ஆராய்வதற்கென 1880இல் வந்து 1882வரை இங்கு தங்கியிருந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், அந்நோயின் வித்திகள் காற்றினால் பரவி, ஈரமான இலையில் முளைத்து, இலையின் கீழ்ப்புறத்திலுள்ள இலைவாய்கள் ஊடாகவே உட்புகுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். இலை மூச்சுவிடும் துளையே நோயின் வாசலாயிற்று. அங்கு காயத்துக்கு வேலையில்லை. மலைக்கு மலை இடைவெளியின்றிப் பரந்துகிடந்த ஒரே பயிரே நோய்க்கு ஏற்ற களமாக அமைந்தது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

தேயிலையின் கொப்புள நோயும் இவ்வகையினதே. 1946இல் இலங்கையிற் காணப்பட்ட இந்நோயின் பங்கசு, இளந்தளிரின் மேற்றோலை நேரடியாகத் துளைத்து உட்செல்லும். முற்றிய இலையை அதனால் வெல்ல இயலாது. இதனாற்றான் பருவமழைக் காலத்தில் மேல்மலைத் தோட்டங்களிற் செம்பு கலந்த மருந்து திரும்பத் திரும்பத் தெளிக்கப்படுகின்றது.

இரண்டாவது வகையினுள் தண்டழுகலும், பட்டையை அரித்துக் கிளையைக் கொல்லும் புண் நோய்களும் அடங்கும். இவற்றுக்குக் காரணமான பங்கசுக்கள் நலமான பட்டையைத் துளைக்கும் ஆற்றல் குறைந்தவை. கவ்வாத்து வெட்டு, வெயில் சுட்ட பட்டை, வண்டு துளைத்த துளை ஆகியனவே இவற்றின் வாசல்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1905 முதல் பங்கசு ஆய்வாளராக விளங்கியவரும் பின்னர் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளராக அமைந்தவருமான தொம் பெட்ச், தேயிலை நோய்கள் பற்றி 1923இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியானது.

3

காயம் பட்ட செடி என்ன செய்கின்றது? விலங்குகளிற் குருதி காயத்தை நோக்கிப் பாய்கின்றது; வெண்கலங்கள் விரைந்து சென்று கிருமிகளோடு போரிடுகின்றன. தாவரத்தில் அவ்வாறு நகர்ந்து செல்லும் காவற் கலங்கள் இல்லை. ஒவ்வொரு கலமும் தன் சுவருக்குள் அடைபட்டது. தன்னைத் தானே காத்தல் வேண்டும். ஆகவே தாவரத்தின் பாதுகாப்பை மூன்று நிலைகளாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, அடைத்தல். வெட்டு விழுந்ததும் அருகிலுள்ள கலங்கள் தம் சுவர்களிற் கலோசு என்னும் பொருளைப் படியவிடுகின்றன. பின்னர் இலிக்னின், சுபரின் முதலிய கடினப் பொருள்களால் அச்சுவர்கள் இறுகுகின்றன. பட்டைக்கும் காழுக்கும் இடையேயுள்ள மாறிழையத்திலிருந்து புதிய இழையம் தோன்றி, புண்வாயின் ஓரத்தில் உதடு போற் புடைத்து, மெல்ல மெல்ல அதனை மூடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் வனவியல் ஆய்வாளரான அலெக்ஸ் ஷைகோ 1977இல் தம் சகாவுடன் விளக்கிய ஒரு கருத்து இங்கு மனங்கொள்ளத்தக்கது. மரம் தன் புண்ணை ஆற்றுவதில்லை, அடைத்துவைக்கின்றது என்பதே அவர் கண்ட முடிபு. பழுதுற்ற மரப்பகுதி மீண்டும் நலமடைவதில்லை. அதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி, அதற்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொண்டு செடி தன் வாழ்வைத் தொடர்கின்றது. ஆகவே பழைய காயங்கள் யாவும் செடியின் உள்ளே இருந்துகொண்டே இருக்கின்றன. நூறாண்டுத் தேயிலைத் தூர் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்ப்போமாயின், அது கடந்துவந்த கவ்வாத்துகளின் அடையாளங்களைப் பெரும்பாலும் கண்ணாற் காணலாம்.

இரண்டாவது, இரசாயனக் காப்பு. அரிந்த வாழைப்பூவும் கத்தரிக்காயும் சிறிது நேரத்திற் கறுப்பதை நாமெல்லாம் கண்டிருக்கின்றோம். அதைத் தடுப்பதற்காகவே வாழைப்பூவை அரிந்தவுடன் மோரில் இடுவர். நலமான கலத்திற் பீனோல் வகைப் பொருள்கள் ஓரறையிலும் அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்திருக்கின்றன. கலம் உடைபடும்போது இரண்டும் கலக்கின்றன. அதன் விளைவாகத் தோன்றும் கபில நிறப் பொருள்கள் பங்கசுக்களுக்கும் பூச்சிகளுக்கும் பகையானவை.

தேயிலைக் கொழுந்து இவ்வகையில் விசேடமானது. அதன் உலர் நிறையில் 30 சதவீதம் வரை பொலிபீனோல்களாக இருக்கலாம். ஆலையிற் கொழுந்தை வாட்டி, உருளையில் இட்டு அரைத்து, காற்றிற் பரப்பிவைக்கும்போது நிகழ்வது யாது? கலங்கள் உடைகின்றன; கற்றெக்கின்களும் பொலிபீனோல் ஒட்சிடேசு நொதியமும் ஒட்சிசன் முன்னிலையிற் கலக்கின்றன; செம்பொன் நிறமும் துவர்ப்பும் பிறக்கின்றன. இதையே நொதிக்கவைத்தல் என்கின்றோம். அதாவது, கறுப்புத் தேயிலையின் நிறமும் சுவையும் பெருமளவு காயம்பட்ட இலையின் தற்காப்பு வினையினின்றே பிறப்பவை. செடி தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சேர்த்துவைத்த பொருளே கொழும்பு ஏலத்தில் விலைபேசப்படுகின்றது. எனவே கொழுந்து எடுத்தல் என்பது இலையை எடுத்தல் மட்டுமன்று. செடி தன் பாதுகாப்புக்காக ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதியையும் எடுத்தலாகும்.

மூன்றாவது, அறிவித்தல். ஓரிலை காயமுற்றால் அச்செய்தி ஏனைய இலைகளுக்கும் செல்கின்றது. 1972இல் கிளாரன்ஸ் ரையனும் அவரது சகாவும் தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளில் ஓரிலையை வண்டு கடித்தாலோ அல்லது கருவியால் ஊறுபடுத்தினாலோ, ஊறுபடாத தூர இலைகளிலும் பூச்சியின் சமிபாட்டைக் குலைக்கும் புரதங்கள் சேர்கின்றன என்பதைக் காட்டினர். பின்வந்த ஆய்வுகள் ஜஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோன் இச்செயற்பாட்டின் நடுநாயகமானது என்பதை நிறுவின. காயம் இங்கு எதிர்ப்பைக் குறைக்கவில்லை, எழுப்புகின்றது. 2008இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர், அரபிடொப்சிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியின் இலையை ஊறுபடுத்திய சிறிது நேரத்தின்பின் சாம்பற் பூஞ்சண வித்திகளை அதிலிட்டபோது இலை வலுவான எதிர்ப்பைக் காட்டியதைக் கண்டனர். ஆயின் அவ்வெதிர்ப்பு நிலைத்திருக்கவில்லை. குறுகிய காலத்தில் மங்கிவிட்டது.

இதற்கு மறுபுறமும் உண்டு. உயிருள்ள கலத்தை ஒட்டி உண்ணும் நோயாக்கிகளுக்கு எதிராகப் பெரும்பாலும் சலிசிலிக் அமிலம் சார்ந்த காப்பு முறை செயற்படுகின்றது. காயத்தினாலும் பூச்சியினாலும் தூண்டப்படும் ஜஸ்மோனிக் முறையோ பல தாவரங்களில் இதனோடு முரண்படுவதாகக் காணப்பட்டுள்ளது. ஒன்று ஓங்கும்போது மற்றது ஒடுங்கும். ஒரு பகையை எதிர்கொள்ள எழும் செடி வேறொரு பகைக்கு இடங்கொடுக்க நேரலாம். ஆகவே ‘காயம் எதிர்ப்பைக் கூட்டுமா, குறைக்குமா’ என்ற வினாவுக்குப் பொதுவிடை கிடையாது. எந்தக் காயம், எந்த நோய், எந்த வேளை, எத்தகைய நிலையிலுள்ள செடி என்று கேட்டாலன்றி அவ்வினா பொருளற்றதாகிவிடும்.

4

இப்பொதுவிதிகளை மனத்திற்கொண்டு கவ்வாத்தை நோக்குவோம். கவ்வாத்து செய்யப்பட்ட மலையைக் கண்டவர்கள் அதன் வெறுமையை அறிவர். இலைகள் யாவும் போய்விட்டமையால் செடி ஒளித்தொகுப்புச் செய்ய இயலாது. புண்வாயை மூடும் இழையமும், காப்புப் பொருள்களும், புதிய தளிர்களும் ஏற்கெனவே சேர்த்துவைத்த உணவிலிருந்தே தோன்றுதல் வேண்டும். அவ்வுணவு வேரில் மாப்பொருளாகச் சேமிக்கப்பட்டுள்ளது. தூரின் அடியில் இருப்பது யாது என்ற வினாவுக்கு இதுவே விடை.

கவ்வாத்துக்கு முன்னர் வேரின் சேமிப்பை அறிய எளிய சோதனை ஒன்று தோட்டங்களில் வழக்கிலுள்ளது. பென்சிற் பருமனுள்ள வேரொன்றை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் கரைசலைத் தடவினால், மாப்பொருள் நிறைந்த வேர் கருநீலமாகும். வறிய வேர் நிறம் மாறாது. வறிய வேரையுடைய செடியைக் கவ்வாத்துச் செய்தால் அது தளிர்க்கத் திணறும். கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும். காய்ந்த கிளையூடாகத் தண்டழுகற் பங்கசு இறங்கும். சில செடிகள் அடியோடு பட்டுப்போகும். இதனாலேயே கவ்வாத்துக்கு முன் சில வாரங்கள் கொழுந்தெடுக்காது செடிக்கு ஓய்வளித்தல் வேண்டும் என்று கூறப்படுகின்றது. குளிர்ந்த மேல்மலையில் வேரிற் சேமிப்பு மிகுதி; தாழ்ந்த வெப்பமான பகுதிகளிற் குறைவு. ஆகவே கீழ்ப்பகுதிகளில் எல்லாக் கிளைகளையும் ஒருங்கே தறியாது, இலையோடு ஓரிரு கிளைகளை விட்டுவைக்கும் முறை பின்பற்றப்படுகின்றது. அவ்விலைகள் செடி மீண்டெழும்வரை அதற்கு உணவூட்டும்.

வெட்டின் தன்மையும் முக்கியமானது. கூர்மழுங்கிய கத்தி மரத்தைப் பிளக்கும்; பட்டையை உரிக்கும். சரிவாக, ஒரே வீச்சில் விழுந்த வழுவழுப்பான வெட்டில் நீர் தங்காது. மூடும் இழையமும் விரைவில் வளரும். இலைநிழல் நீங்கிய கிளைகளின் மேற்புறத்தை வெயில் சுட்டால் பட்டை வெடித்து, வெட்டாத இடத்திலும் புண் தோன்றும். வெட்டிய மிலாறுகளைத் தூரின்மீது பரப்பி நிழலிடுவது இதைத் தடுக்கும். தோட்டங்களில் பெரும்பாலும் ஆண்களால் செய்யப்படும் இவ்வேலை வெறும் உடல்வலுவை மட்டும் வேண்டி நிற்பதன்று. எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது, எந்தக் கணுவின்மேல் வெட்டுவது என்ற தீர்மானங்கள் ஒவ்வொரு தூரிலும் நொடிப்பொழுதிற் செய்யப்படுகின்றன. பதிவேடுகளில் இவ்வறிவு ‘சாதாரண தொழிலாளர்’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகின்றது.

கவ்வாத்தின் விளைவு இத்துடன் முடிவதில்லை. மீளத் தளிர்க்கும் செடியில் இலைகள் அனைத்தும் ஏககாலத்தில் இளந்தளிராக இருக்கின்றன. கொப்புள நோய் விரும்புவது இளந்தளிரையே என்பதை மேலே கண்டோம். மழைக்காலத்திற் கவ்வாத்திலிருந்து மீளும் மலை, அந்நோய்க்கு விரித்துவைத்த பாய் போன்றது. வெட்டின் வழியே நுழையாத நோய்க்கும் வெட்டு இவ்வாறு மறைமுகமாக வழிசெய்கின்றது. காலம் தப்பிய கவ்வாத்து எவ்வளவு கூரிய கத்தியால் நிகழ்ந்தாலும் தீங்கானதே.

5

கொத்மலைச் சரிவுகள் இடைமலைக்கும் மேல்மலைக்கும் நடுவே அமைந்தவை. ஆதலின் மேலே கொப்புள நோயும் கீழே தண்டுதுளை வண்டும் என இரண்டையும் அவை எதிர்கொள்கின்றன. எள்ளளவேயான இவ்வண்டு காயத்துக்கும் நோய்க்குமுள்ள தொடர்பின் வேறொரு வடிவத்தைக் காட்டுகின்றது. பெண்வண்டு கிளையைத் துளைத்துச் சுரங்கம் அமைக்கின்றது. ஆயின் அது மரத்தை உண்பதில்லை. தன்னோடு கொண்டுவரும் ஒரு பங்கசுவைச் சுரங்கச் சுவரில் விதைத்து வளர்த்து, அதையே தானும் தன் குஞ்சுகளும் உண்கின்றன. நலமான செடி இத்துளைகளைக் காலப்போக்கில் மூடிவிடும். நலிந்த செடியிற் கிளை முறிகின்றது. துளைகளூடாகத் தண்டழுகல் புகுகின்றது.

இவ்வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற நஞ்சு ஒரு காலத்திற் பயன்படுத்தப்பட்டது. விளைவு எதிர்பாராதது. கொழுந்தைச் சுருட்டி உண்ணும் புழுவொன்றைக் கட்டுப்படுத்துவதற்காக 1930களில் யாவாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவியையும் அந்நஞ்சு கொன்றது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. ஒரு காயத்தின் மூலத்தை ஒழிக்க எடுத்த முயற்சி வேறொரு காயத்தின் மூலத்தை எழுப்பிவிட்டது. இயற்கையின் மீது நாம் ஈட்டும் வெற்றிகளைக் கண்டு இறுமாப்படைதல் கூடாது என எங்கெல்ஸ் 1876இல் எழுதியது இங்கு நினைவுகூரத்தக்கது. கியூபாவின் மலைச்சரிவுகளிற் காட்டை எரித்துக் கோப்பி நட்ட ஸ்பானியத் தோட்டக்காரரை அவர் உதாரணங் காட்டினார். சாம்பல் ஒரு தலைமுறைக் கோப்பிக்கு உரமாயிற்று. பின்னர் மழை மண்ணை அள்ளிச் சென்றது. அவர் அறிந்திருந்தால் நமது மலைநாட்டையும் அவ்விடத்திற் குறிப்பிட்டிருக்கலாம்.

6

கொழுந்து கிள்ளுதல் கவ்வாத்தை விடச் சிறிய காயம்; ஆனால் இடையறாத காயம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எனப் பயின்ற விரல் பறிக்கும்போது மென்மையான தண்டு முறிகின்றது. கீழேயுள்ள பராமரிப்பு இலைகள் ஊறின்றி இருந்து செடிக்கு உணவூட்டுகின்றன. கத்தரியும் இயந்திரமும் அவ்வாறு தெரிந்தெடுப்பதில்லை. அவை ஒரு தளமாக வெட்டுவதால் இளந்தளிரோடு முற்றிய இலைகளும் பாதியாய் அறுபடுகின்றன.

இதன் விளைவை யப்பானின் அனுபவம் காட்டுகின்றது. அங்கு இயந்திர அறுவடை பரவியபின், அதுவரை சிறிய நோயாகக் கருதப்பட்ட சாம்பற் கருகல் பெரும் பிரச்சினையாயிற்று. அறுபட்ட இலை விளிம்புகளும் தண்டு முனைகளும் பங்கசுவுக்கு வாசலாயின. யபுகிற்றா என்ற ஒரே இனம் நாட்டின் தேயிலைப் பரப்பின் பெரும்பகுதியை நிரப்பியிருந்ததும், அவ்வினம் இந்நோய்க்கு எளிதில் ஆட்பட்டதும் நிலைமையை மோசமாக்கின. இலங்கையிலும் தொழிலாளர் பற்றாக்குறையைக் காரணங்காட்டி அண்மை ஆண்டுகளிற் கத்தரிகளும் இயந்திரங்களும் பல தோட்டங்களிற் புகுத்தப்பட்டுள்ளன. இயந்திரம் தன்னளவில் தீயதன்று. முதுகொடியக் கூடை சுமக்கும் பெண்களின் உழைப்பை அது குறைக்குமாயின் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இயந்திரத்தின் வெட்டுக்கு ஈடாக ஓய்வும் உரமும் நோய்க்கண்காணிப்பும் கூடுதல் வேண்டும். கூலியைக் குறைப்பதற்காக மட்டும் அது கொண்டுவரப்படின், சேமித்ததாகக் கணக்கிற் காணும் பணம் தூரின் ஆயுளிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும்.

7

செடிக்குக் காயம் எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் ஓய்வின் பின் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? தாவரவியல் தரும் விடைகள் தெளிவானவை. கவ்வாத்துக்கு முன் ஓய்வு, கூரிய கத்தி, அவசரமற்ற கை, வெட்டின் பின் நிழல், மண்ணுக்கு ஊட்டம் என்பன அவை. ஒவ்வொன்றும் செலவு தருவது. ஓய்வு என்பது கொழுந்தில்லாத வாரங்கள். அவசரமற்ற கை என்பது ஒரு நாளிற் குறைந்த எண்ணிக்கையான தூர்கள். தூர்க்கணக்கில் வேலை அளக்கப்படும்போது கத்தியைத் தீட்டுவதற்கும் நேரமிருப்பதில்லை.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசினது, முகாமை கம்பனியினது, உழைப்பு தொழிலாளியினது. நூறாண்டு நிற்கக்கூடிய தூரின் எதிர்காலத்தில் இம்மூவருள் எவருக்கு உறுதியான உரித்து உண்டு என்பது வினாவே. 2021இல் 1000 ரூபா நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டதன் பின்னர், பல தோட்டங்களில் நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். நிறை கூடும்போது விரல் தெரிந்தெடுப்பதை விடுகின்றது. முற்றிய இலையும் கூடையில் விழுகின்றது. பராமரிப்பு இலை குறைகின்றது. வேரிற் சேமிப்பும் குறைகின்றது. பெண்ணின் முதுகில் ஏற்றப்பட்ட கிலோ அடுத்த கவ்வாத்தின்போது செடியின் வேரிற் கணக்குத் தீர்க்கப்படுகின்றது.

அதே 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சில மாதங்களின் பின் அத்தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. இதற்கு ஊட்டக் குறைவு ஒரு முதன்மைக் காரணம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. நைதரசன் குன்றிய செடி தளிர்ப்பதிற் பின்தங்குவதோடு புண்ணை மூடுவதிலும் பின்தங்கும். உற்பத்திக் கணக்கில் ஓராண்டில் தெரிந்த இழப்பு தண்டினுள் அழுகலாகப் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது.

8

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. வெட்டுண்டும் தளிர்க்கும் செடியை அடக்குமுறைக்குள்ளும் நிமிரும் மனிதனுக்கு உவமையாக்குவது நம் கவிஞர்களுக்கு எளிது. அவ்வுவமையில் ஓர் ஆபத்து உண்டு. காயம் எதிர்ப்பை வளர்க்கும் என்ற பாதி உண்மையை முழு உண்மையாக்கி, காயப்படுத்துவோரின் செயலையே மறைமுகமாக நியாயப்படுத்திவிட அது இடந்தருகின்றது. தாவரவியல் கூறுவது வேறு: காயத்தால் எழும் எதிர்ப்பு குறுகிய காலத்தது, சேமிப்பு இல்லாத இடத்தில் அது எழுவதேயில்லை.

மறுதலையாக, அரசியற் கோட்பாட்டைச் செடியின்மீது திணிப்பதும் தவறு. சோவியத் நாட்டில் லைசென்கோவின் செல்வாக்கு மரபியலை ஒடுக்கியதையும், பயிரினங்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகெங்கும் அலைந்த வவிலோவ் 1943இற் சிறையில் மாண்டதையும் மார்க்சியர் மறத்தல் ஆகாது. தேயிலையின் கலம் எவ்வர்க்கத்தையும் சார்ந்ததன்று. அக்கலத்துக்கு உணவும் ஓய்வும் கிடைக்குமா என்பதே வர்க்க உறவுகளால் தீர்மானிக்கப்படுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் விஞ்ஞான நோக்கின் முதற்படி.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் இந்நாட்டின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை நட்டது 1867இல். அதே ஆண்டில் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் தொகுதியில் மார்க்ஸ், முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே சூறையாடும் கலையின் முன்னேற்றமாகவும் அமைகின்றது என்ற கருத்தை முன்வைத்தார். ஒன்றரை நூற்றாண்டின் பின் அக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு நமக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அடுத்த கவ்வாத்துக்கு முன் கொத்மலையின் ஒரு மலையிற் சில வேர்களை வெட்டி அயடீன் தடவிப் பார்த்தல் போதும். நமது பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மாணவரும் தமிழ் மாணவரும் அம்மலைக்குச் சேர்ந்து செல்வார்களாயின், வேரின் நிறத்தோடு கவ்வாத்துக்காரரும் கொழுந்தெடுக்கும் பெண்களும் அச்செடியைப் பற்றி அறிந்தவற்றையும் குறித்துக்கொண்டு திரும்பலாம். தூரின் அடியில் இருப்பதைப் பற்றி இதுவரை எழுதப்படாத பகுதி அதுவேயாகும்.